அம்மாவுக்கு ஒரு உருண்டை

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

பயப்பட ஒன்றுமில்லை, சிரிக்கிற விஷயம்தான். பிரசவத்தில் கூடிய எடையைக் குறைக்க, ஆபீஸ் தோழிகளைப் பார்த்து நானும் காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதில் டப்பா பவுடரைக் கரைத்துக் குடித்தேன். எடை குறைந்தது. ஆனால் அனுவும் இளைத்தாள். கடைவாய்ப்பல் முளைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நேற்று, திருப்போரூரில் அவளைப் பார்த்துக்கொள்ளும் லோகநாயகி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, புள்ள வாயே தொறக்க மாட்டேங்குது! 'அம்மா மொதல்ல'ன்னு சொல்லிகினு குந்தினு கீது. வூட்ல நீ துன்றதே இல்லியா?"

எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் எனக்கு ஊட்டியது போலவே "அம்மாவுக்கு ஒரு உருண்டை, அனுவுக்கு ஒரு உருண்டை" என்று பழக்கியிருந்தேன். நான் வாயை மூடியதும் அவளும் மூடிவிட்டாள்.

பவுடரை நிறுத்திவிட்டேன். சோற்றைக் குறைத்து, கீரையும் மீனும் கூட்டி, ஒரே தட்டில் சாப்பிடுகிறோம். எடை மெல்லக் குறையட்டும்.

கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்புங்கள். முடிந்தால் நீங்களே கொண்டு வாருங்கள். அவருக்கு இந்த மாதம் முழுக்க இரவு ஷிப்ட்.

இன்று அனு மூன்றாவதாக ஒன்று உருட்டி, "இது யாருக்கும்மா?" என்றாள். "ஆச்சிக்கு" என்று சொல்லிவிட்டேன். என்னைத் தொடவிடவில்லை, தட்டில் அப்படியே இருக்கிறது.

விழித்துக்கொண்டாள், போகிறேன்.

உங்கள் கோமதி