தலையணைக்கு அடியில் ஐந்து ஞாயிறு

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறேன், மூட்டு வலி பழைய வலிதான், புதிதாக எதுவும் சேரவில்லை. நீயும் உன் இன்ஜின் ரூம் ஆட்களும் சுகம்தானே, கடல் சாதுவாக இருக்கிறதா. இன்னும் மூன்று வாரத்துக்குக் கப்பலில் இன்டர்நெட் வராது என்று உன் கம்பெனி ஆபீசில் சொன்னார்கள், இந்தக் கடிதத்தை அவர்களிடம் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உன் கையில் சேர்த்துவிடுவார்களாம். இன்டர்நெட் வராது என்பதை நீயும் போன ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருப்பாய். எனக்குத் தெரியாது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன், முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அப்பா போனதிலிருந்து நம் கம்ப்யூட்டரில் சத்தம் வருவதில்லை. ஐந்து ஞாயிறும் நீ வீடியோ காலில் பேசியதில் ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை. நான் பேசுவது உனக்குக் கேட்டது, அதனால் உனக்குச் சந்தேகம் வர வழியில்லை. முதல் ஞாயிறு சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். ஆனால் அந்த வாரம் வீடு நிறைய ஆட்கள், உன் அத்தை ஒரு பக்கம், அப்பாவின் ஆபீஸ்காரர்கள் ஒரு பக்கம், எல்லோரும் மனசைத் தேற்றிக்கோ மனசைத் தேற்றிக்கோ என்று மாற்றி மாற்றிச் சொல்லி என் காதே புளித்துப்போயிருந்தது. நடுக்கடலில் மாட்டிக்கொண்டு வர முடியாமல் போன நீ ஒருத்திதான் சத்தமில்லாமல் எதிரே உட்கார்ந்திருந்தாய். உதடு அசைந்தது, நடுவில் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டாய், எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. நீ நிறுத்துகிற இடத்தில் ம் என்றேன், தலையை ஆட்டினேன், புருவத்தைத் தூக்கினால் சரிம்மா என்றேன். நாற்பது வருடம் அப்பாவின் ஆபீஸ் கதைக்கு ம் போட்டுப் பழகிய வாய், அதற்குச் சொல்லித்தர வேண்டுமா. அப்பாவாக இருந்தால் பாதியில் நிறுத்தி, இப்போ நான் என்ன சொன்னேன் சொல்லு பார்ப்போம் என்று பிடித்திருப்பார். நீ பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே போனது, அதற்கடுத்ததும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் ஊர் உலகத்தின் குரலையெல்லாம் கேட்டுக் கேட்டு இணைப்புக் கொடுத்தவள், பெற்ற பெண்ணின் குரல் வராததைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று கேட்காதே. அழுகை வரவில்லை, பசி இல்லை, பசி இல்லையே என்ற கவலையும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படித்தான் இத்தனை வாரமும் போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை அப்பாவோடு வாக்கிங் போவாரே அந்த வழுக்கைத் தரகர், கையில் அளவு டேப்போடு வந்து நின்றார். துக்கம் விசாரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று உட்காரச் சொன்னேன், அவர் உட்காராமல் ஹாலை அளக்க ஆரம்பித்துவிட்டார். எதற்கு என்று கேட்டேன். என்னம்மா இப்படிக் கேட்கிறீர்கள், வீட்டை விற்க நீங்கள் சம்மதம் சொன்னதாக உங்கள் மகள் எழுதியிருக்கிறாளே என்று போனைக் காட்டினார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். அம்மாவிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன், மூன்று முறையும் சரி என்றார், அவர் அங்கே தனியாக இருக்க வேண்டாம், என் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அடுக்குமாடியில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். மாதம் பிறந்ததும் வாங்குகிறவர்கள் வருவார்கள், கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் தரகர். உன் மேல் கோபம் வரவில்லை அம்மாடி, நீ கேட்காமல் செய்யவில்லை. ஒருமுறைக்கு மூன்று முறை கேட்டிருக்கிறாய். நான்தான் சரி சரி என்று தலையாட்டி, இருக்கிற வீட்டையும் ஆட்டிவிட்டேன். அவர் சமையலறை ஜன்னலை அளந்து சொன்ன கணக்கை நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. அவர் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது.

உடனே கம்ப்யூட்டர் கடை மீசைக்காரருக்குப் போன் போட்டேன். கடையை விட்டு வர முடியாது, நான் சொல்கிறபடி செய்யுங்கள் என்றார். ஸ்பீக்கரில் பச்சை விளக்கு எரிகிறதா என்றார், எரிந்தது. ஓரத்தில் ஸ்பீக்கர் படத்தின் மேல் பெருக்கல் குறி இருக்கிறதா என்றார், இல்லை. அணைத்துப் போடச் சொன்னார், இரண்டு முறை போட்டேன். வயரைப் பிடுங்கிச் செருகச் சொன்னார், முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து அதையும் செய்தேன், மூச்சுப் பேச்சில்லை. பிறகு அந்தப் படத்தை அழுத்தி உள்ளே போகச் சொன்னார். ஹெட்போன் என்று எழுதி அதன் பக்கத்தில் டிக் அடித்திருந்தது. அப்படியானால் சத்தம் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருக்கிறது, ஹெட்போனுக்குள் போகிறது, அதை எடுத்துவிடுங்கள் என்றார். எங்கள் வீட்டில் ஹெட்போனே கிடையாது என்று நான் சண்டை போட்டேன். பாவம் மனிதர், பொறுமையாக, டிக் பொய் சொல்லாது அம்மா என்றார்.

எக்ஸ்சேஞ்சில் லைன் செத்துப்போனால் உட்கார்ந்து யோசிக்க மாட்டோம், ஒரு முனையைப் பிடித்துத் தொட்டுக்கொண்டே போவோம். அதைச் செய்தேன். மேஜைக்கு அடியில் பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு வயர் செருகியிருந்தது. அது பாய்க்கு அடியில் போய், சுவரோரமாக அப்பாவின் கட்டிலுக்குப் போயிற்று. கடைசி மாதம் ஹாலில் கொண்டுவந்து போட்ட கட்டில்தான், இன்னும் அங்கேயே இருக்கிறது. அதன் விரிப்பை நான் மாற்றவில்லை. மாற்றக் கூடாது என்றில்லை, கை போகவில்லை. தலையணையைத் தூக்கினேன், அடியில் ஒரு கறுப்பு ஹெட்போன். மத்தியானம் நான் கண் அசருகிற நேரத்தில் அவர் கம்ப்யூட்டரில் செய்தி போட்டுவிடுவார், சத்தத்தைக் குறையுங்கள் சத்தத்தைக் குறையுங்கள் என்று நான் எரிந்து விழுவேன். கடைசியில் கொஞ்ச நாளாகச் சத்தம் வைக்காமல் இருந்தார். சரி, முடியவில்லை போலிருக்கிறது, செய்தியில் ஆசை விட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரியாமல் யாரிடமோ சொல்லி வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆக, ஐந்து ஞாயிறும் நீ பேசினதெல்லாம் அவர் தலையணைக்கு அடியில்தான் பேசியிருக்கிறாய். நான் நாலடி தள்ளி உட்கார்ந்து சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன், அவருடைய தைல வாசனை அடித்தது. சத்தம் வருகிறதா என்று பார்க்க மீசைக்காரர் சொன்ன இடத்தை அழுத்தினேன், டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. அழுவேன் என்று நினைத்தேன், அழவில்லை. பசித்தது. எழுந்துபோய்ச் சாப்பிட்டேன், இரண்டாம் முறை போட்டுக்கொண்டும் சாப்பிட்டேன்.

தரகரிடம் போனில் சொல்லிவிட்டேன், நான் சொன்ன சரி மூன்றும் செல்லாது, என் மகள் கேட்டது என் காதில் விழவில்லை, அவளோடு பேசி முடிக்கிற வரை யாரையும் கூட்டிவர வேண்டாம் என்று. மனிதர் சிரித்துவிட்டார், பிறகு சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டார். இப்போது நீ கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. நீ என்ன காரணம் சொன்னாய் என்பதும் எனக்குத் தெரியாது. முதலில் அதைக் கேட்க வேண்டும்.

இன்ஜின் சூட்டிலிருந்து நேராகக் குளிர்ந்த காற்றுக்கு வராதே, காதை மூடிக்கொள். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, எனக்குச் சொல்லிக்கொள்வதை உனக்கும் சொல்கிறேன். நீ நல்லபடியாகக் கரை சேர வேண்டும், நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே. அந்த வயரை நான் பிடுங்கவில்லை, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துதான் பேசுவேன். இன்டர்நெட் வந்த முதல் ஞாயிறு, லைன் கிடைத்ததும் ஹலோ சொல்லு, கேட்கிறது என்று நான் சொல்லும்வரை வேறெதுவும் பேசாதே. அப்புறம் அந்த முதல் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னவோ சொன்னாயே, அதிலிருந்து ஆரம்பி. வீட்டுப் பேச்சு அதற்கப்புறம்.

இப்படிக்கு,
உன் அம்மா