குலுக்கையில் குதித்த நெல்

இன்று காலை ஸ்பீக்கரைக் கழற்றினேன். கூம்புக் காகிதத்தின் ஓரம் ஒரு பக்கம் விட்டுப் போயிருந்தது, பசை வைத்து ஒட்ட வேண்டும். திருகாணிகளை எடுத்து அதைத் தூக்கியதும், ஸ்பீக்கர் பெட்டியாக நிற்கும் மண் தானியக் குலுக்கையின் வாயிலிருந்து அந்த வாசனை வந்தது. பழைய கம்பு, காய்ந்த வேப்பிலை, நீ கைமுட்டி நுழையாத அளவுக்குத் திணித்து வைத்த கழிவுப் பஞ்சு. இத்தனை வருடமாகியும் மண் அதை விடவில்லை. பிறகு பார்த்தால், கூம்புக்கும் இரும்பு வளையத்துக்கும் நடுவில் ஒரு நெல்மணி சிக்கியிருக்கிறது.

செத்துப் போனவனுக்கு மடல் எழுதுவது எனக்கு ஒத்துவராத காரியம். தபால் போகாத இடத்துக்கு எழுதி என்னத்துக்கு ஆகும் என்று கேட்கிற ஆள் நான். ஆனால் இந்த நெல்லைப் பற்றிச் சொல்ல இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. நீ உயிரோடு இருந்த காலத்திலும் எனக்கு நீ ஒருவன்தான்.

பாலிடெக்னிக் முடித்து மில்லில் மின்சாரப் பிரிவில் சேர்ந்த புதிதில் நான் அந்த ஆம்ப்ளிஃபயரைக் கட்டினேன். வால்வு, டிரான்ஸ்பார்மர் எல்லாம் மதுரைக்குப் போய்ப் பொறுக்கி வந்தவை. டீத்தூள் வந்த மரப்பெட்டிக்குள் ஸ்பீக்கரைப் பொருத்தி, வீட்டின் பின்னறையில் வைத்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இது எம்புட்டு தூரம் கேக்கும்?"

நம் பக்கத்தில் ஒரு செட்டு நல்ல செட்டா என்பதைத் தூரத்தை வைத்துத்தான் அளப்பார்கள். வேப்பமரத்து உச்சியில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டினால் அடுத்த ஊர்க்காரன் காதில் விழ வேண்டும். பரளச்சியில் காதுகுத்து என்றால் சுற்றுவட்டாரத்துக்கே தெரிய வேண்டும். என் செட்டு அந்த அறைக்குள் மட்டும் கேட்கும் என்று சொன்னால், எனக்கு ஏதோ நோவு வந்துவிட்டது மாதிரி பார்த்தார்கள். "அறைக்குள்ள கேக்குறதுக்கு நீ பாடுனாலே போதுமேடா," என்றார் சித்தப்பா. அம்மாவுக்கு அந்தப் பெட்டி இடத்தை அடைக்கிறது என்பதைத் தவிர வேறு கருத்து இல்லை. மில்லில் என்னோடு வேலை பார்த்தவன் ஒருநாள் வந்தான். ரெக்கார்டு ஓடும்போதே ஊர்க்கதை பேசினான். அது முடிந்ததும், "நல்லாருக்கு, கொஞ்சம் சத்தமா வைக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம் நான் யாரையும் கூப்பிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். உலகத்திலேயே அழகான ஒன்று நம் அறைக்குள் நடக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லை என்றால் அது ஒரு தினுசான தண்டனை.

நீ பாட்டுக் கேட்க வரவில்லை. தறிக்கூடத்து மோட்டார் ஓடவில்லை என்று என்னைக் கூட்டிப்போக வந்தாய். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன். அப்போது தறியில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மதுரையில் வாங்கிய புல்லாங்குழல் ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. "வாரியாலே," என்று வாசல்படியில் காலை வைத்தவன் அப்படியே நின்றாய். நான் நிறுத்தப் போனேன். கையைக் காட்டித் தடுத்தாய். ஒரு பக்கம் முழுக்க முடிந்தது. உன் முதலாளி உன்னைத் தேடி அனுப்பிய ஆளும் வந்து உன் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

"ஏலே, ஊதுறதுக்கு முன்னாடி அந்தாளு மூச்சு இழுக்காருல்ல?" என்றாய்.

அந்த மூச்சுக்காகத்தான் நான் அத்தனை நாளும் ஈயம் பற்றவைத்துக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு ஊரில், மூடிய கூடத்தில் ஒரு மனிதர் இழுத்த மூச்சு, அருப்புக்கோட்டையில் ஒரு பின்னறைக்கு வந்து சேர்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னாலும் சிரிப்பார்கள். நான் சொல்லாமலே நீ கேட்டுவிட்டாய்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தாய். மரப்பெட்டியின் பலகை அதிர்ந்து மிருதங்கத்தின் அடித்தொனியைக் கெடுக்கிறது என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். தடிமனாக, வளைவாக, அதிராத சுவர் வேண்டும். உங்கள் பரளச்சி வீட்டு மூலையில் கம்பு போட்டு வைக்கிற குலுக்கையைப் பார்த்தபோது எனக்குப் பொறி தட்டியது. இடுப்பளவு உயரம், விரல்கடை கனத்துக்குச் சுட்ட மண், மூலையே இல்லாத உருண்டை வயிறு. மழை பொய்த்த வருடம், உள்ளே ஒன்றுமில்லை. "தூக்கிட்டுப் போ. எலி குடியிருக்கிறதுக்கு ஒன் பாட்டாவது குடியிருக்கட்டும்," என்றார் உன் அய்யா.

அதை வைக்கோல் சுற்றி பஸ்ஸுக்குக் கொண்டுவந்தோம். கண்டக்டர் இறங்கி ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"என்னய்யா லோடு இது?"

"சீருங்கண்ணே," என்றாய் நீ, முகம் மாறாமல்.

"மண்ணு குலுக்கையா சீரு? எந்த வீட்டுப் பிள்ளைக்கு?"

என்னைக் காட்டினாய். "இவனுக்குத்தான். இவன் அதைத்தான் கட்டிக்கப் போறான்."

பஸ்ஸே சிரித்தது. திருச்சுழி தாண்டும்வரை யாராவது ஒருவர் திரும்பி எனக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குக் கோபம். பஸ் கூரை மேலே குலுக்கை உருளாமல் இருக்கிறதா என்பதில்தான் என் உயிர் இருந்தது.

வாயில் மரவளையம் வைத்து ஸ்பீக்கரை வானம் பார்க்கப் பொருத்தினேன். கீழே தானியம் எடுக்கிற துவாரத்தை நீ துணியைச் சுருட்டி அடைத்தாய், கொஞ்சம் கொஞ்சமாக உருவினாய். பாதி உருவியபோது மிருதங்கத்தின் இடந்தலை அடித்தொனி அறைக்குள் எழுந்து நின்றது. தரை வழியாக உள்ளங்காலில் ஏறியது. நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கோயிலில் நடை திறக்கும்போது பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கிறோமா?

பிறகு என் தங்கை கல்யாணம். சில வருடம் கழித்து.

"வீட்டுக்குள்ள செட்டை வச்சுக்கிட்டு வெளிய வாடகைக்கு எடுத்தா மாப்ள வீட்டுக்காரவுக என்ன நெனப்பாக?" என்று ஆரம்பித்தார் சித்தப்பா.

"இது வீட்டுக்குள்ள கேக்குறது சித்தப்பா."

"கல்யாணமும் வீட்டுக்குள்ளதானடா நடக்குது."

நாலு பேர் குலுக்கையைச் சாமி தூக்குகிற மாதிரி தூக்கிப் பந்தலுக்குக் கொண்டுபோனார்கள். நான் மறைப்புக்குப் பின்னால் ஒயர் இணைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அத்தை அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்துவிட்டாள். அதோடு விட்டாளா? கல்யாணப் பந்தலில் வெறும் குலுக்கை நிற்கலாமா, அமங்கலம் அல்லவா என்று ஒரு கை நெல்லை அள்ளிக் குலுக்கை வாயில் போட்டிருக்கிறாள். ஸ்பீக்கரின் கறுப்புக் காகிதத்தை அவள் மூடி என்று நினைத்துக்கொண்டாள்.

ரெக்கார்டைப் போட்டதும் படபடவென்று ஒரு சத்தம். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்து ஓடிவந்தேன். நெல்லைக் கண்டதும் என் வாயில் வந்ததைச் சொல்லத் தொடங்கினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"சும்மா இருலே. பாரு."

பார்த்தேன். மிருதங்கம் ஒவ்வொரு முறை விழும்போதும் நெல்மணிகள் கூம்பிலிருந்து எழுந்து குதித்தன. வேகம் கூடக் கூட ஒதுங்கி வட்டம் கட்டின, கலைந்தன, மறுபடி கூடின. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். "ஏய், எல்லாரும் வாங்கப்பா. நெல்லு தாளம் போடுது." பந்தலே வந்து குனிந்தது. எத்தனை தூரம் கேட்கும் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் குலுக்கையின் வாய்க்குள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான் ஆம்ப்ளிஃபயர் கட்டியவன். கூம்பு அசைவது எப்படி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நானும் அவர்களோடு குனிந்தேன்.

பிறகு மிருதங்கம் ஓய்ந்து குழல் மட்டும் தனியாகப் போனது. நெல் படிந்து அசையாமல் கிடந்தது. நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய்.

"நிறுத்திட்டியாலே?"

விளையாடுகிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். குழல் ஓடிக்கொண்டிருக்கிறது. நீ நெல்லைப் பார்க்கிறாய், என் முகத்தைப் பார்க்கிறாய், மறுபடி நெல்லைப் பார்க்கிறாய். மூச்சைக் கேட்டவன் குழலைக் கேட்கவில்லை.

பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தபோது உன்னைப் பந்தலுக்குப் பின்பக்கம் இழுத்துப் போனேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"ஒனக்குக் காது போயிருச்சு. எப்ப இருந்துலே?"

"கத்தாத. நீ பேசுறது கேக்குது."

"நாளெல்லாம் தறிச் சத்தத்துக்குள்ள நின்னா வேற என்ன ஆகும்? பஞ்சு வச்சு அடச்சா என்ன?"

"அடச்சுட்டா தறி மொரண்டு பண்றது எனக்கு எப்படித் தெரியும்? துணி போயிரும். அங்க யாருக்குலே காது முழுசா இருக்கு? வாயசைச்சுத்தான் பேசிக்கிறோம்."

"அப்ப வாரந்தவறாம எங்க வீட்டுக்கு எதுக்கு வந்த?"

பல்லில் சிக்கிய பாக்கை எடுத்துத் துப்பிவிட்டுச் சொன்னாய். "போறது தெரியுதுல்ல. அதுக்குள்ள கேட்டு வச்சுக்கலாம்னுதான். பெறகு நெனச்சுக்கிறதுக்கு ஆகும்."

நான் அதுவரை எனக்குத்தான் தனிமை என்று நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகும் ஞாயிறு தவறவில்லை. குலுக்கை வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்காருவாய். மிருதங்கம் கை வழியாக வந்துவிடும். குழலுக்கு நான் வேண்டும்.

"இப்ப என்ன செய்யிறாரு?"

"மேல போறாரு."

"எப்படிப் போறாரு?"

"எப்படின்னா? அதிர்வெண் கூடுது."

"பரிச்சைக்கா பதில் சொல்ற? நல்லாச் சொல்லுலே."

எனக்கு எரிச்சல் வரும். ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்வதற்காக முன்னைவிடக் கூர்ந்து கேட்க வேண்டியிருந்தது. "கம்மாக்கரை மேல சைக்கிளை ஏத்துற மாதிரி போறாரு. தம் கட்டி ஏறி உச்சியில மிதிக்காம நிக்கிறாரு," என்றேன் ஒருநாள். நீ சிரித்தாய். "அப்ப இப்ப எறக்கம். எறங்கிட்டு ஒரு மூச்சு."

குழல் இறங்கியது. மூச்சும் வந்தது, நீ சொன்ன இடத்தில். உன் காதுக்கு அது எட்டவே இல்லை. ரெக்கார்டு சுழல்தட்டில் சுற்றிக்கொண்டிருந்தது, உனக்குள்ளும் ஒன்று அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் எத்தனை செட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு உன்னைப் பார்த்துத்தான் மலைத்தேன்.

போன ஐப்பசியில் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோனது. உன் அருப்புக்கோட்டை வீட்டு வாசலில் மைக் செட்டுக்காரர் குழாயை மரத்தில் கட்டி, கிழிந்த குரலில் ஏதோ பாட வைத்திருந்தார். "பாளையம்பட்டி வரைக்கும் கேக்குதாம்," என்று யாரோ பெருமையாகச் சொன்னார்கள். மற்ற நாளாக இருந்தால் ஏறி ஒயரைப் பிடுங்கியிருப்பேன். அன்று விட்டுவிட்டேன். அந்தத் தெருவில் உன் காதில் விழக்கூடிய சத்தம் அது ஒன்றுதான்.

பசை காய்ந்துவிட்டது. ஸ்பீக்கரைத் திரும்பப் பொருத்திவிட்டேன். நெல்மணியைத் தூக்கி எறிய மனமில்லாமல் கூம்பின் மேலேயே வைத்து, அந்தப் புல்லாங்குழல் ரெக்கார்டைப் போட்டிருக்கிறேன். ஒரு கை உன் இடத்தில், குலுக்கை வயிற்றில் இருக்கிறது. மற்றக் கையால் இதை எழுதுகிறேன். இவ்வளவு நேரமும் ஒற்றை நெல் எழுந்து எழுந்து விழுந்தது. இப்போது மிருதங்கம் ஓய்ந்துவிட்டது. நெல் அசையவில்லை.

அறையில் யாருமில்லை. ஆனாலும் வாய்விட்டுச் சொன்னேன். "நிறுத்தலலே. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. கரை மேல ஏறுறாரு."