கொழும்பிலிருந்து வந்த தொடர்கதை

இன்று காலை பால் வாங்கப் போனவள் தெருமுனையில் அப்படியே நின்றுவிட்டேன். சுவரில் ஏதோ கூட்டத்துக்குச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாளி நிறையச் சூடு ஆறாத மைதாப் பசை. பூச்சி அரிக்காமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தமும் கலந்திருப்பார்கள் போல. அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எழுபதுகளில் போய் விழுந்தேன். உன் அக்கா வீட்டு அடுக்களை. அடுப்பில் நீ அட்டை ஒட்டப் பசை கிண்டுகிறாய். நான் தரையில் உட்கார்ந்து வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து அடுக்குகிறேன். பசை அடி பிடிக்கிறது, நமக்கு அது தெரியவே இல்லை, ஏனென்றால் கதாநாயகி ரயிலேறுவாளா மாட்டாளா என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்! பால்காரர் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் இந்த ஊருக்கே திரும்பி வந்தேன்.

நீ போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் உன்னிடம் சொல்ல இவ்வளவு சேர்ந்துவிட்டது. சொல்லாமல் இருந்தால் எனக்குத் தலை வெடித்துவிடும். உனக்குத்தான் என்னைத் தெரியுமே.

தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நீ சாத்தான்குளத்துக்காரி, வேதக்கோயிலில் பைபிள் வாசித்து வாசித்துப் பழுத்த குரல். டவுனில் அக்கா வீட்டில் இருந்தாய். நான் தாமிரபரணித் தண்ணீரில் நெல் விளையும் ஊர்க்காரி, தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கிற புதுக்கோட்டையில் அத்தை வீட்டில் தங்கி பஸ்ஸில் வந்துபோனேன். அந்த பஸ்தான் எனக்கு வாசகசாலை. நின்றுகொண்டே வாசிப்பேன். கண்டக்டர் டிக்கெட்டை நான் பிடித்திருக்கும் புத்தகத்துக்குள்ளேயே செருகிவிட்டுப் போவார். கடலை மடித்து வந்த தாளைக்கூடப் பிரித்து நீவி வாசித்துவிட்டுத்தான் கசக்குவேன். மறுபக்கம் கிழிந்திருந்தால், மீதிக் கதை என்னவாக இருக்கும் என்று நாமிருவரும் சுவிட்ச் போர்டின் முன்னால் உட்கார்ந்து கிசுகிசுப்போம். நடுவில் திருநெல்வேலி டிரங்க் கால் வந்தால் இரண்டு பேர் குரலும் தேனாக மாறிவிடும்!

நமக்கு வாய்த்தது ஸ்பிளிட் டூட்டி. காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். நடுவே வெயில் கொளுத்தும் அந்த நீண்ட மதியத்தை மற்றவர்கள் சபித்துக்கொண்டு தூங்குவார்கள். எனக்கோ அதுதான் வாழ்க்கை. ஓய்வறை ஜன்னலோரம், மை கக்கும் என் பேனா, உதிரித் தாள்கள். காது முழுக்கக் காலையில் கேட்ட குரல்கள். உப்பு விலையைச் சொல்லும்போது மனிதர்கள் எப்படிக் குரலைத் தாழ்த்துகிறார்கள், கப்பல் வரவில்லை என்றால் எப்படிக் கத்துகிறார்கள், மகளிடம் பேசும் தகப்பன் எப்போது ஒன்றும் பேசாமல் நிற்கிறான், எல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு நாவல் எழுத வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும். கல்யாணம்கூட அதற்குப் பிறகுதான் என்று அத்தையிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்.

ஆனால் ஒன்றைக்கூட முடித்ததில்லை! எத்தனையோ நாவல்களைத் தொடங்கினேன். மூன்றாவது நான்காவது அத்தியாயத்தில் கை தளர்ந்துவிடும். யாருக்காக எழுதுகிறோம் என்று தோன்றிவிடும். ஒருமுறை அத்தையிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "கையெழுத்து முத்து முத்தா இருக்குளா" என்றாள். சித்தப்பாவிடம் கொடுத்தேன். "ஆபீஸ்ல தாள் ஓசியா?" என்று கேட்டார். அன்றைக்கு உன்னிடம் வந்து பொருமினேன். இந்த முறை எடுத்திருக்கும் முத்துக்குளிப்புக் கதையும் முடியாவிட்டால் இனி பேனாவைத் தொடமாட்டேன் என்று சத்தியமே செய்தேன். நிஜமாகத்தான் சொன்னேன். அந்த வயதில் ஒருத்தி தன்னைப் பற்றி எடுக்கக்கூடிய மிகப் பெரிய முடிவு அது.

நீ கலங்கவே இல்லை. "உன் பேரைச் சொன்னா கையெழுத்தைத்தான் பார்ப்பாங்க. கொழும்புன்னு சொல்லுவோம்" என்றாய்.

அப்படி ஒரு யோசனை உனக்கன்றி யாருக்கு வரும்! உன் அக்கா தெருவில் பெண்கள் தொடர்கதைகளைக் கிழித்து, தைத்து, வீடு வீடாகச் சுற்றுக்கு விடுவார்கள். ஒரு வாரத்துப் பத்திரிகை தவறிப்போனால், கிடைத்த வீட்டில் வாங்கி அந்த அத்தியாயத்தைக் கையால் நகலெடுத்து நடுவில் வைத்துத் தைப்பார்கள். அச்சுப் பக்கங்களுக்கிடையே கையெழுத்துப் பக்கம் வந்தால் அங்கே யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அதைத்தான் நீ பிடித்துக்கொண்டாய். கொழும்பில் ஒரு பத்திரிகையில் வருகிற தொடர், தோணியில் வருகிற ஒரே பிரதி, உடனே திருப்பித் தர வேண்டும், அதனால் கூட வேலை செய்யும் பெண் நகலெடுத்துத் தருகிறாள். இவ்வளவையும் ஒரே மூச்சில் நீ எனக்குச் சொல்லிக் காட்டியபோது நானே நம்பிவிட்டேன், போ!

என் கதை கீழவைப்பார் ரோசம்மாவின் கதை. சங்கு குளிக்கப் போன புருஷன் நெஞ்சுவலியோடு வந்து படுத்துவிட்டான். முத்துச் சிலாபம் நடக்கிறது, முத்துக்குளிப்புப் பருவம். திறக்காத சிப்பிகளைக் குவியல் குவியலாக ஏலம் விடுகிறார்கள். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்று கடவுளுக்குத்தான் தெரியும். கழுத்துச் சங்கிலியை விற்று ரோசம்மா ஒரு குவியலை எடுக்கிறாள். எடுத்ததுமா திறக்க முடியும்? சிப்பி நாளெல்லாம் வெயிலில் கிடந்து அழுகிப் பிரிய வேண்டும். வாசலில் குவியல் நாறுகிறது, ஊரே மூக்கைப் பொத்துகிறது, ரோசம்மா மட்டும் காவல் இருக்கிறாள். கடலைப் பார்த்தாலே தலை சுற்றும் எனக்கு அதையெல்லாம் காட்ட நீ என்னை ஒரு லீவு நாளில் கீழவைப்பாருக்கே இழுத்துக்கொண்டு போனாய். வெறும் சிப்பி ஓடு கிடந்தாலும் எடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னாய்.

வாரா வாரம் சனிக்கிழமை ஒரு அத்தியாயம் உன் கைக்கு வரும். திங்கட்கிழமை காலை டூட்டிக்கு வந்ததும் ஹெட்போனை மாட்டுமுன் நான் கேட்பேன், "என்ன சொன்னாங்க?" அடேயப்பா, என்ன சேதியெல்லாம் கொண்டுவந்தாய்! பக்கத்து வீட்டு பாக்கியம் மதினி, உப்பளக் கங்காணியின் மனைவி, குழம்பைக் கூட்டிவைத்துவிட்டு வாசித்து, குழம்பு தீய்ந்துபோனதாம். ரோசம்மாவின் புருஷன் வாய்திறந்து ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல மாட்டேன் என்கிறானே என்று கடைசி வீட்டுக்காரி அவனைத் திட்டித் தீர்த்தாளாம். சங்கிலியை விற்ற அத்தியாயத்தில் மதினி தேம்பித் தேம்பி அழுதாளாம். ஒவ்வொருத்தி குரலிலும் நீ நடித்துக் காட்டுவாய். "தெருவே காத்துக்கிட்டிருக்குளா, நீ இங்கன கொட்டாவி விடுத" என்பாய். எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. மதியம் எப்போது வரும் என்று பறப்பேன். நானும் ஒருநாள் வந்து பார்க்கிறேனே என்று கெஞ்சினால் மட்டும் விடமாட்டாய். "உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்."

மூன்றாவது அத்தியாயம் போனது, நான்காவது போனது, எனக்குக் கை தளரவில்லை. அதன்பின் எண்ணுவதையே விட்டுவிட்டேன். சிப்பியைத் திறக்கவேண்டிய இடத்துக்கு வந்ததும்தான் வந்தது வினை. முத்து இருக்கட்டுமா, வேண்டாமா? இருந்தால் கதை பொய்யாகிவிடும், இல்லாவிட்டால் ரோசம்மா என்னை மன்னிக்கவே மாட்டாள். எழுதுவதும் அடிப்பதுமாக ஒரு வாரம் போய்விட்டது. நான் அழும் நிலைக்கு வந்தபிறகு, சரி வா என்று அந்தச் சனிக்கிழமை பாக்கியம் மதினி வீட்டுக்கு அழைத்துப் போனாய். "ஆனா வாயைத் திறக்கக் கூடாது."

முன்னறை நிறையப் பெண்கள். நடுவில் ஒரு தட்டில் மக்ரூன். மதினியின் கொழுந்தனார் அந்த வாரம்தான் கொழும்பிலிருந்து ஊர் வந்திருந்தார். அங்கே புறக்கோட்டையில் ஏதோ கடையில் இருந்தவர், வாசனைச் சோப்பும் வெள்ளை வேட்டியுமாக ஒற்றை நாற்காலியில் வீற்றிருந்தார். ரோசம்மா கதை கொழும்புப் பத்திரிகையில் வருகிறது என்று மதினி சொன்னதும் அவர் சிரித்தாரே ஒரு சிரிப்பு!

"இந்தக் கதையா? நான் அங்கனயே வாசிச்சு முடிச்சிட்டேனே."

உன்னைப் பார்த்தேன். உன் முகத்தில் ஈயாடவில்லை, ஆனால் உன் வாய் சும்மா இருக்குமா? "எந்தப் பத்திரிகையில அண்ணாச்சி?" என்று கேட்டாய்.

"எல்லாப் பத்திரிகையிலயும்தான் வந்துது" என்றார் அவர், கொஞ்சமும் அசராமல்.

"அப்ப சிப்பியில முத்து இருந்துச்சா?" மதினி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க இருந்துச்சு! அம்புட்டும் வெறுஞ்சிப்பி. அவ கடல்ல போய் விழுந்துட்டா. பொணம்கூடக் கெடைக்கல. கொழும்பே அழுதுச்சில்லா."

"ஐயோ, ரோசம்மா!" என்று மதினி நெஞ்சில் கைவைத்தாள். கடைசி வீட்டுக்காரி மூக்கைச் சிந்தத் தொடங்கிவிட்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! இத்தனை நாள் நாற்றத்தில் உட்கார்ந்து காவல் காத்தவளை, இந்த மனிதர் காலை ஆட்டிக்கொண்டே கடலில் தள்ளிவிட்டாரே! எழுந்து நின்றுவிட்டேன். "யாரு சொன்னா? அவ சாகல! நான் இன்னும் எழுதவே இல்ல!"

அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். பிறகுதான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று எனக்கே உறைத்தது. நீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாய்.

"ஏளா, நீயா?" என்றாள் மதினி. உன் பக்கம் திரும்பி, "அப்ப கொழும்பு?"

"கொழும்பும் இல்ல, கிழும்பும் இல்ல மதினி. எல்லாம் புதுக்கோட்டை பஸ்ஸுலதான் வருது!" என்றாய் நீ.

கொழும்பு அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் சொன்னது வேற ரோசம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் வாசல் தாண்டும்வரைகூட யாரும் பொறுக்கவில்லை, வீடே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தோம். ஏமாற்றிவிட்டாய் என்று மதினி என்னைத் திட்டுவாள் என்று பயந்தேன். அவளுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை.

"முத்து இருக்கா இல்லையா, அதைச் சொல்லு மொதல்ல."

"தெரியல மதினி."

"தெரியலையா? அவ சங்கிலியை விக்க வச்சிட்டுத் தெரியலங்கியே! போ, போய் எழுதிட்டு வா."

ஓடினேன். பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கத் தோன்றாமல் எக்ஸ்சேஞ்ச் ஓய்வறைக்கே ஓடி எழுதினேன். முதலில் எல்லாம் வெறும் சிப்பி. பிறகு கடுகு கடுகாகச் சில முத்துகள், விற்ற சங்கிலியைத் திரும்ப வாங்க மட்டும் காணும். ரோசம்மா சங்கிலியை வாங்கவில்லை. அடுத்த குவியலை ஏலம் எடுத்தாள்! அதை எழுதிவிட்டு நான் ஓய்வறையில் தனியாகக் குதித்தேன். நீ வாசித்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாய். அந்த நாவல்தான் பிறகு புத்தகமாக வந்தது. அதன் பின் எத்தனையோ எழுதிவிட்டேன், எதையும் பாதியில் விட்டதில்லை. நீ கல்யாணமாகி நாசரேத் போய், பிள்ளை குட்டி என்று ஆன பிறகும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் முதல் போன் உன்னுடையதுதான்.

நாசரேத்தில் உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டு உன்னைக் கிடத்தியிருந்தார்கள். போதகர் ஜெபம் முடித்து உன்னைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். "நம் சகோதரி வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது" என்றார் பார்! எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. துக்க வீட்டில் சிரித்தால் என்ன நினைப்பார்கள்? சேலைத் தலைப்பால் வாயை மூடிக் குனிந்தால், பக்கத்தில் இன்னொருத்தியும் அதேபோல் குலுங்கிக்கொண்டிருந்தாள். பாக்கியம் மதினி! பேத்தி கைபிடித்து அழைத்து வந்திருந்தாள். பல்லெல்லாம் போய்விட்டது, வாய் அப்படியே இருக்கிறது.

அடக்கத்துக்குப் பிறகு மதினியோடு ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். வாரா வாரம் அவள் கதைக்குக் காத்திருந்ததை, குழம்பு தீய்ந்ததைச் சொல்லிச் சிரித்தேன். சங்கிலி அத்தியாயத்துக்கு நீங்கள் தேம்பித் தேம்பி அழுதீர்களே என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

"எங் குழம்பு எங்க தீஞ்சுதுளா? வாரா வாரமா? ரோசம்மா சங்கிலியை வித்து மொதக் குவியலை ஏலம் எடுத்த பொறவுல்லா எங்ககிட்டக் குடுத்தா. ஒரே கட்டா, தச்சுக் குடுத்தா. அதுக்கு முன்ன அந்தக் கதை இருக்குன்னே எங்களுக்குத் தெரியாதே."

நம்பாமல் மறுபடி கேட்டேன். அதையேதான் சொன்னாள்.

அப்படியானால் அந்தத் திங்கட்கிழமைகள்? தீய்ந்த குழம்பு, கடைசி வீட்டுக்காரியின் வசவு, தெருவே காத்திருந்தது, அவ்வளவும் நீ இட்டுக்கட்டியதா? மூன்றாவது அத்தியாயத்தில் விட்டுவிடுவேன் என்று பயந்து, நான் நிற்காமல் ஓடத் தொடங்கிய பிறகுதான் ஆட்களிடம் கொடுத்தாயா? அடி பாவி! இத்தனை வருஷத்தில் போனிலாவது ஒரு வார்த்தை சொன்னாயா?

அன்று பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் சிரித்தேன், அழுதேன், பக்கத்து சீட்டுக்காரப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். இப்போதும் எழுதுகிறேன். மதியத்தில்தான். முன்பு ஒரு தெரு காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். இப்போது அப்படி நினைக்கத் தேவையில்லாமல் போய்விட்டது. அங்கே இருந்தது ஒரே ஒரு வாசகி என்று தெரிந்துவிட்டது, அவளை வைத்துக்கொண்டே என்னால் முடிக்க முடிந்திருக்கிறது. அந்த ஒருத்தியைத்தான் என்னோடு வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கவேண்டும். சங்கிலியை விற்ற அத்தியாயத்துக்கு மதினி தேம்பித் தேம்பி அழுததாகச் சொன்னாயே, அழுதது நீதானே?