மாட்டுக் குறியும் உங்கள் பச்சைச் சேலையும்

என் ஹாஜரா ராத்தாவுக்கு, கிளிவெட்டி மலரின் சலாம்.

மகள் ரிஸ்னாவின் கலியாணம் முடிந்த கையோடு நோயில் விழுந்து போய்விட்டீர்கள். உங்களை அடக்கிய மையவாடிக்கு வந்து உங்களோடு கதைக்க எனக்கு வழியில்லை. அதனால் ஊரே பார்க்கிற முகநூலில் எழுதுகிறேன். எங்கள் கிளிவெட்டியும் பார்க்கட்டும், உங்கள் தோப்பூரும் பார்க்கட்டும். தெருவோரம் தயிர்ச் சட்டி அடுக்கி விற்ற காலத்தில் நாம் இரண்டு பேரும் ஒளித்து ஒன்றும் கதைக்கவில்லையே, இப்போது மட்டும் என்ன ஒளிப்பு?

போன கிழமை என் தம்பி ரூபனின் மாடுகள் உங்கள் மனிதர், ரிஸ்னாவின் வாப்பா அன்வர் நானாவின் வயலுக்குள் இறங்கிவிட்டன. கதிர் வருகிற நேரம். அவர் கத்தினார், இரண்டு மாட்டைப் பிடித்துக் கட்டினார். ரூபன் போய்ச் சண்டை பிடித்து அவிழ்த்துக்கொண்டு வந்தான். இவ்வளவும் உண்மை. வருஷா வருஷம் நடக்கிற சண்டைதான்.

அன்று பின்னேரம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. காலில் வெட்டுக்காயத்தோடு ஒரு பசு சேற்றில் கிடக்கிறது. பக்கத்தில் அன்வர் நானாவின் முகம். "எங்கட ஊர் மாட்டை வெட்டினவன் இவன்தான், எல்லாருக்கும் அனுப்புங்கோ" என்று எழுத்து. அனுப்பினார்கள் ராத்தா. ரூபனும் அனுப்பினான். சந்தியில் பொடியன்கள் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு தோப்பூருக்குப் போக நின்றார்கள். உங்கள் வீட்டில் ரிஸ்னா பிள்ளைத்தாய்ச்சி. ஓம், நீங்கள் உம்மம்மா ஆகப் போகிறீர்கள். அதைக்கூட இப்படியா உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது?

எனக்கும் ஆத்திரம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். வாயில்லா ஜீவன் அல்லவா? இன்னும் கிட்டப் பார்க்கப் படத்தை விரலால் விரித்தேன். தொடையில் சுட்ட குறி தெளிவாகத் தெரிந்தது. வட்டத்துக்குள் ஒரு குறுக்குக் கோடு. ரூபனிடம் ஓடினேன்.

"இது ஆருட மாடு?"

"எங்கட ஊர் மாடெண்டு போட்டிருக்கு அக்கா."

"போட்டிருக்கிறது கிடக்கட்டும். குறியைப் பார். இந்தக் குறி எங்கட ஊரில ஆருக்கு இருக்கு?"

பார்த்தான். போனை வாங்கித் திரும்பவும் பார்த்தான். குளத்துக்கு அந்தப் பக்கம் மேய்கிற மாட்டை இந்தப் பக்கம் நின்றே குறி பார்த்து இன்னாருடையது என்று சொல்கிற ஆட்கள் நாங்கள். மாடு வாங்கப் போனாலும் முகத்தைப் பார்க்க முதல் தொடையைத்தான் பார்ப்போம். அவ்வளவு பேரும் கைக்குள் இருந்த படத்தில் குறியைப் பார்க்கவில்லை. அன்வர் நானாவின் தொப்பியை மட்டும் பார்த்தார்கள்.

அவர் உங்கள் மனிதர் என்பதற்காக நான் உடனே நம்பிவிடவில்லை. மாடு வைத்திருக்கிற வீடெல்லாம் ரூபனையும் இழுத்துக்கொண்டு போனேன். எந்தப் பட்டியிலும் மாடு குறையவில்லை, அந்தக் குறியும் எவருக்கும் இல்லை. அன்வர் நானாவுக்கும் போன் எடுத்தேன். "மாட்டக் கட்டினது உண்மதான் தங்கச்சி. கத்தி எடுக்கல்ல" என்றார். சந்திக்குப் போய்ப் பொடியன்களுக்குக் குறியைக் காட்டினேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு வண்டிகளை நிறுத்தினார்கள்.

பிறகு குழுவிலும் முகநூலிலும் என் பெயரைப் போட்டே எழுதினேன். இது எங்கள் ஊர் மாடு இல்லை. எந்த ஊர் மாடு, யார் வெட்டியது என்று எனக்குத் தெரியாது, தெரியாததை அனுப்பாதீர்கள் என்றேன். மேய்ச்சல் தரையெல்லாம் வேலிக்குள் போனபின் மாடு எங்கே போகும், அதற்கு இரண்டு ஊரும் சேர்ந்து கத்துங்கள் என்றும் எழுதினேன். உங்கள் மனிதர் மாட்டை உச்சி வெயிலில் தண்ணீர் காட்டாமல் கட்டினது பிழை என்றும் எழுதினேன். கோபமா ராத்தா?

வந்தது பாருங்கள் பேச்சு! தயிருக்கு விலைபோனவளாம் நான். தோப்பூரில் சிலர் என் எழுத்தையே எடுத்து, "கிளிவெட்டிக்காரர் எல்லாரும் பொய்யர்" என்று மேலே போட்டுப் பரப்பினார்கள். அவர்களுக்கும் நன்றாகக் கொடுத்தேன். எவனோ ஒருவன் கட்டிவிட்ட பொய்க்கு ஒரு ஊரின் பெயரை வைக்க இவர்கள் யார்? இன்னும் சிலர், உனக்கேன் இந்த வேலை, பேசாமல் இரு என்று புத்தி சொன்னார்கள். அன்று சந்தியில் நானும் பேசாமல் இருந்திருந்தால்?

ரூபன் படத்தை அழித்துவிட்டு வந்து நின்றான்.

"நான் எடுத்திட்டன் அக்கா. நீங்களும் எழுதினதை எடுங்கோ. ஏன் ஊரோட பகை?"

"ஏலாது. ஊரெல்லாம் பார்க்கத்தானே அனுப்பினனீ? ஊரெல்லாம் பார்க்கப் பிழையெண்டு எழுது."

இன்னும் எழுதவில்லை. எழுதும்வரை அவனுக்கு என் வீட்டில் தயிர் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பொய்ப் படத்தில் இருந்த அன்வர் நானாவின் முகம், ரிஸ்னாவின் கலியாணத்தில் எடுத்து நான் ஆசையாக முகநூலில் போட்ட படத்திலிருந்து வந்தது. அவர் தோளோரம் கொஞ்சம் பச்சை தெரிந்தது. உங்கள் சேலை. நடுவில் நின்ற உங்களையும் மற்றப் பக்கம் நின்ற என்னையும் கழித்துவிட்டு அவரை மட்டும் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பச்சையைக் கண்டபோதுதான் நான் அழுதேன்.

நேற்று ரிஸ்னாவிடம் போனில் கேட்டேன். "முழுப் படத்தையும் போடட்டோ மகள்? வாப்பாவிட்டயும் கேள்."

கொஞ்ச நேரத்தில் திரும்ப எடுத்தாள். "வாப்பா ஓமெண்டுட்டார். போடுங்க சாச்சி. உம்மா பக்கத்துல நிக்கட்டும்."

இந்தக் கடிதத்துக்குக் கீழே போட்டிருக்கிறேன். மூன்று பேரும் நிற்கிறோம். நீங்கள் வழக்கம்போலக் கண்ணை மூடிவிட்டீர்கள்.

சத்தியம் ராத்தா, பார்க்காததைப் பார்த்தேன் என்று ஒருநாளும் எழுதமாட்டேன். பார்த்து எழுதியதை எவர் சொன்னாலும் அழிக்கமாட்டேன். இனி எவராவது உங்கள் மனிதரைத் தனியாகப் பிரித்தெடுத்தால், எத்தனை தரமென்றாலும் இந்த முழுப் படத்தையும் போடுவேன்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
மலர்