மந்திரித்த படகில் புகைந்த இன்வெர்ட்டர்

அன்பு மருமகன் லியோவுக்கு, கடலூரிலிருந்து உன் தாய்மாமன் மரியலூர்து எழுதுவது. பஹ்ரைனில் நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். போனில் பேசினால் பாதியிலேயே "டூட்டி மாமா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதி, நானே போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

உன் தங்கை ஜெனிபரைக் கட்டிய சார்லஸ், அண்ணாமலை நகர் விடுதிகளில் ஃபேன் மாட்டுகிறவன். அவனிடம் போய் நம் புதுப் படகின் ஒயரிங்கைக் கொடுத்தாய். நான் எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவன். ஜப்பான் கம்பெனிக்காரனே என்னிடம் சந்தேகம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

வந்ததிலிருந்து சார்லஸ் ஒரே அளப்பு. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து வாயு வருமாம், இன்வெர்ட்டரைப் பக்கத்தில் வைக்கக் கூடாதாம். தள்ளி, உயரத்தில், காற்றுப்படுகிற இடத்தில் மாட்டினான். பேட்டரியை ஒட்டி ஒரு பெரிய ஃபியூஸ் போட்டான். மீன் விற்கிற வேலம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "புள்ள வேல பாக்குறதப் பாரேன், கண்ணுக்கு அழகா இருக்குது" என்றாள். இத்தனை வருஷத்தில் என் ஒயரிங்கை யார் அப்படி நின்று பார்த்தார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லிப் படகை மந்திரித்தார். தீர்த்தம் தெளித்தால் உள்ளே இறங்கிவிடுமே என்று, ஐஸ் மூடுகிற பிளாஸ்டிக் தாளால் இன்வெர்ட்டரை நான்தான் பத்திரமாகச் சுற்றினேன். அந்தப் புத்தி சார்லஸுக்கு வரவில்லை. மந்திரிப்பு முடிந்ததும் உன் தம்பி பிரபு சீரியல் பல்ப், ஸ்பீக்கர், ஊர்ப்பட்ட செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் மாட்டினான். கொஞ்ச நேரத்தில் புகை வந்தது. "அதுக்கும் மூச்சு உட வேணாமா மாமா, கோணியில கோழிய கட்டுன மாதிரி கட்டி வச்சிருக்கீங்களே" என்றான் சார்லஸ், அத்தனை பேர் முன்னாலும். எல்லாரும் சிரித்தார்கள். நான் தூக்கி வளர்த்த ஜெனிபரும்தான்.

அந்தச் சூட்டோடுதான் உனக்குப் போன் போட்டேன். சார்லஸின் ஃபியூஸால்தான் புகைந்தது, நான் பாய்ந்து ஒயரைப் பிடுங்கியதால் படகு பிழைத்தது, அந்த ஃபியூஸைக் கழற்றிவிட்டு நேராகக் கனெக்‌ஷன் கொடுக்கச் சொல் என்றேன். நீயும் மாமன் பேச்சுக்கு மரியாதை கொடுத்து பிரபுவிடம் சொல்லிவிட்டாய். புது இன்வெர்ட்டர் வந்துவிட்டது. ஃபியூஸைக் கழற்ற பிரபு ஸ்பேனரை எடுத்து வைத்திருக்கிறான். விடிந்தால் ஆட்களோடு கடலுக்குப் போகிறான்.

கரையில் தீப்பிடித்தால் குதித்து ஓடலாம். கடலில் எங்கே ஓடுவான்? வேண்டாம்டா என்றால், "அண்ணன் சொல்லட்டும் மாமா, நீங்க நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கி ஒண்ணு சொல்றீங்க" என்கிறான். நீ இப்போதே அவனைக் கூப்பிடு. நேராகக் கொடுக்க வேண்டாம், ஃபியூஸ் இருந்த இடத்திலேயே புது ஃபியூஸ் போடட்டும் என்று சொல். இன்வெர்ட்டர் மேல் எதையும் சுற்றக் கூடாது என்றும் சொல்.

மாதா உங்கள் இருவரையும் கைவிட மாட்டாள். ஒயரைப் பிடுங்கியது நான் இல்லை, மாப்பிள்ளை. நான் எழுந்து போவதற்குள் அந்த ஃபியூஸ் தானே எரிந்து கரண்டை நிறுத்தியிருந்தது. சார்லஸிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே.

இப்படிக்கு உன் மாமன்,
மரியலூர்து