கூண்டில் நின்ற அண்ணனுக்கு

அண்ணனுக்கு,

பணமில்லாமல் திரும்பிய உன் செக்குக்காக நான் போட்ட வழக்கு இன்றோடு முடிந்தது. இனி நீ வாய்தாவுக்கு அலைய வேண்டாம்.

கூண்டில் நீ தலை குனிந்து நின்றாய். நீதிபதி என்னிடம், "செக் குடுத்தவர் உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

"கூடப் பொறந்த அண்ணன்."

"சமரசம்னு மனு குடுத்திருக்கீங்க. பணம் முழுசா வந்துடுச்சா?"

"வந்துடுச்சுங்க" என்றேன். அப்போதுதான் நீ நிமிர்ந்து பார்த்தாய். பாதிகூட வரவில்லை என்பது நம் இருவருக்கும்தான் தெரியும். வீட்டில் இவரிடமும் முழுதாக வந்ததாகவே சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீயும் அப்படியே சொல்.

வெளியே வந்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தாய். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

இத்தனை நாளும் நீ வேலைக்குப் போன பிறகுதான் அம்மாவைப் பார்க்க வந்துகொண்டிருந்தேன். இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீ வீட்டில் இரு.

உன் தங்கை