தகர ஷெட்டைக் காலி செய்தோம்

நந்திதுர்க்,
12.3.1964

என் அன்புக்குரிய உங்களுக்கு,

நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ரயிலில் வந்து படுக்க, டாக்டர் சொன்னபடி காற்றோட்டமான இடம் தயார். நம் தகர ஷெட்டைக் காலி செய்துவிட்டோம். சுரங்க ஷிப்ட்டைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

ஆறு வருஷமாக நீங்கள் பேசாத உங்கள் தம்பிதான் கைவண்டியோடு வந்தார். பழைய சைக்கிள், ரம்பம், பலகைகள் எல்லாவற்றையும் கோரமண்டல் சுரங்க லைனில் தன் வீட்டில் வைத்திருக்கிறார். எதையும் வீசவிடவில்லை.

"அண்ணன் வந்து கேக்கற வரைக்கும் ஒரு ஆணிகூட தொலையாது, அண்ணி" என்றார். தகரத்தை வெட்டி ஜன்னலும் வைத்தார். எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

போகும்போது, "ஸ்டேஷனுக்கு நானும் வந்தா அண்ணன் இன்னா சொல்வாரு?" என்று கேட்டார். உங்களைக் கேட்காமலே வரச் சொல்லிவிட்டேன்.

உங்கள் பெட்டியை வாங்க அவர் கை நீட்டினால், கொடுத்துவிடுங்கள்.

வழி பார்த்திருக்கும்
உங்கள் மனைவி